படிப்பது கண்ணா, கவனமா? வாசகர் கேள்வி - பதில்

வாசிப்பும் மூளையும் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன், நீளமானவற்றைச் சுருக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: படிக்கும்போது கண் வரி மேலே வழுக்கிக்கொண்டே போகிறது, மூளை அதை எழுத்தெழுத்தாகச் சேர்த்துப் புரிந்துகொள்கிறது. இவ்வளவுதானே? இதில் 'பார்வைக் கவனம்' என்று தனியாக எதைச் சொல்கிறார்கள்? கண்ணைத் திறந்து பார்த்தால் அதுதானே கவனம்?

முதல் பாதியும் தப்பு, இரண்டாம் பாதியும் தப்பு. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், ஏனென்றால் உள்ளிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

கண் வழுக்குவதில்லை, தாவுகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் வினாடி நிற்கும், சட்டென்று தாவும், மறுபடி நிற்கும். பிரான்சில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இது முதலில் கவனத்துக்கு வந்தது. தாவுகிற நேரத்தில் எழுத்து எதையும் நாம் பார்ப்பதில்லை, மூளை அந்த இடைவெளியை நமக்குக் காட்டாமலே மறைத்துவிடுகிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

சரி, கண் நிற்கும்போதாவது எல்லாம் தெரிகிறதா? அதுவும் இல்லை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழி கூர்மையாகப் பார்ப்பது ஏறத்தாழ அந்த நகத்தின் அகலத்தைத்தான். அதைத் தாண்டினால் எழுத்து மங்கத் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு கால் வினாடிக்கும் 'அடுத்து எங்கே போவது' என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைச் செய்வதுதான் கவனம், கண் அதன் பின்னால் போகிறது.

இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. 1975இல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரெய்னர் என்ற இரண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் செய்தது. திரையில் ஒரு பத்தி. படிப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் சரியாகக் காட்டி, மீதி எல்லாவற்றையும் எக்ஸ் எக்ஸ் என்று மாற்றிவிடும். கண் நகர்ந்தால் அந்தச் சன்னலும் கூடவே நகரும். சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தால் ஆள் வழக்கமான வேகத்தில் படிக்கிறார் என்று அளந்தார்கள். இந்த வகைச் சோதனைகளில் ஆங்கிலம் படிப்பவர்களுக்குக் கிடைத்த விடை: இடப்பக்கம் 3, 4 எழுத்து, வலப்பக்கம் 14, 15 எழுத்து. விழித்திரை இரண்டு பக்கமும் சமம்தான், அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை? இரண்டு மொழியும் தெரிந்தவர்களிடம் ஹீப்ரு படிக்கக் கொடுத்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது. ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போவது. அதைப் படிக்கும்போது அதே ஆட்களுக்குச் சன்னல் இடப்பக்கமாகச் சாய்ந்தது, ஆங்கிலத்துக்கு வந்ததும் வலப்பக்கம். கண் அதே கண். மாறியது கவனம் காத்திருக்கும் திசை.

இன்னொரு சோதனையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கண் ஒரு சொல்லில் போய் நின்ற 60 மில்லி வினாடியில் அந்தச் சொல்லைத் திரையிலிருந்து அழித்துவிடுவார்கள். ஆள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போகிறார்! அழிந்துபோன சொல் அபூர்வமான சொல்லாக இருந்தால், அந்த வெற்றிடத்தையே கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஏனென்றால் உள்ளே மூளை இன்னும் அதை மென்றுகொண்டிருக்கிறது. ஆனால் அடுத்த சொல்லையும் சேர்த்து அழித்தால் வாசிப்பு தடுமாறிவிடுகிறது. கண் இந்தச் சொல்லில் நிற்கும்போதே கவனம் அடுத்த சொல்லுக்குப் போய் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. சின்னச் சின்னச் சொற்களைக் கண் தொடாமலே தாண்டிப் போவதும் இப்படித்தான்.

மூளையில் இது எங்கே நடக்கிறது என்று கேட்பீர்கள். இடப்பக்க மூளையின் அடிப்பகுதியில், பின்பக்கமாக, எழுத்து வடிவங்களை அடையாளம் காணும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. லோரான் கோயன், ஸ்டானிஸ்லாஸ் தெஹான் என்ற பிரெஞ்சு மூளை ஆய்வாளர்கள் இருவரும் 2000 வாக்கில் அதற்குச் 'சொல்வடிவப் பகுதி' என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கினார்கள். எந்த எழுத்துமுறையைப் படிப்பவருக்கும் அது ஏறத்தாழ அதே இடத்தில்தான். அதோடு சேர்ந்து இயங்குவது உச்சந்தலைக்குக் கீழே பின்னால் இருக்கும் பெரைட்டல் மடலும், கண் அசைவை ஆளும் முன்மூளைப் பகுதியும். கீழே இருப்பது 'இது என்ன எழுத்து' என்கிறது, மேலே இருப்பவை 'எங்கே பார்க்க வேண்டும், எதை விட வேண்டும்' என்கின்றன. பழக்கமான சொல், தெளிவான அச்சு என்றால் மேலே இருப்பவற்றுக்கு அதிக வேலை இல்லை. சொல்லைச் சாய்த்தோ, எழுத்துகளை மிகவும் தள்ளித் தள்ளியோ கொடுத்தால் பெரைட்டல் மடல் உடனே களத்தில் இறங்குகிறது, வாசிப்பும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் ஆகிவிடுகிறது. 2008இல் கோயன், தெஹான் குழு இதை ஸ்கேனில் பார்த்தார்கள்.

கேள்வி: பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

வார்த்தை இல்லாத இசை என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. புரிகிற மொழியில் பாட்டு வரி ஓடினால் இடைஞ்சல்தான், அதுவும் கடினமான பாடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: நான் ஆசிரியை. எட்டு வயதுப் பையன் ஒருவன், நல்ல சூட்டிகை. ஆனால் படிக்கும்போது வரி தாண்டிவிடுகிறான், சொல்லின் நடு எழுத்தை விழுங்கிவிடுகிறான், பக்கத்துச் சொல்லின் எழுத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறான். வீட்டில் 'கவனமே இல்லை' என்று திட்டுகிறார்கள். நிஜமாகவே கவனக் குறைவுதானா?

திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓரிடத்தில் உட்காராமல், சொன்னதைக் கேட்காமல் இருப்பது வேறு. பத்து எழுத்து நெருக்கமாக இருக்கும்போது அதில் ஒன்றைப் பிரித்தெடுப்பது வேறு. முதலாவதில் குறையே இல்லாத பிள்ளை இரண்டாவதில் திணறலாம்.

நெருக்கம் என்ன செய்யும் என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு தாளில் புள்ளி வைத்து, அதற்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி 'ம' என்று சின்னதாக எழுதுங்கள். கீழே இன்னொரு புள்ளி வைத்து, அதே தூரத்தில் நடு எழுத்து வரும்படி 'டபமரக' என்று நெருக்கி எழுதுங்கள். இப்போது புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். தனி 'ம' தெரியும். கூட்டத்தில் இருக்கும் 'ம' இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று சொல்ல வராது. அளவு அதே, தூரம் அதே, அக்கம்பக்கத்து எழுத்துகள்தான் அதைக் கலக்கிவிட்டன. 1970இல் ஹெர்மன் பௌமா இதை அளந்து காட்டினார்: பார்க்கும் இடத்திலிருந்து எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறத்தாழ பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்து வந்தால் குழப்பம். பிள்ளைகளுக்கு இந்தக் கலக்கம் பெரியவர்களைவிட அதிகம், வயது ஏற ஏறக் குறையும். டிஸ்லெக்சியா (அறிவில் குறை இல்லாமலே வாசிப்பதில் வரும் சிரமம்) உள்ள பிள்ளைகள் பலருக்கு இன்னும் அதிகம்.

நம் எழுத்தில் இதற்கு மேல் ஒரு வேலையும் இருக்கிறது. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் பின்னால். மூன்றையும் ஒரே கைப்பிடியில் பிடித்தால்தான் ஒலி. கொம்பையும் 'க'வையும் மட்டும் பிடித்தால் 'கெ', 'க'வையும் காலையும் பிடித்தால் 'கா'. பையன் 'கொடி'யைக் 'கெடி' என்று படித்தால் ஒலி தெரியாமல் படிக்கிறானா, பின்னால் இருக்கும் கால் கைக்கு வராமல் படிக்கிறானா என்று பாருங்கள். காலை விரலால் காட்டியதும் தானே திருத்திக்கொண்டால் அது இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு.

பிரான்சில் சில்வியான் வால்துவா என்பவர் இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஐந்து எழுத்துகளைக் கால் வினாடிக்கும் குறைவாகத் திரையில் காட்டி எடுத்துவிட்டு 'என்னென்ன பார்த்தாய்' என்று கேட்பது. ஒலிகளைப் பிரிப்பதில் குறையே இல்லாத சில பிள்ளைகள் இதில் இரண்டு மூன்று எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். இத்தாலியில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், எழுத்துப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே பார்வைக் கவனத்தில் பின்தங்கிய பிள்ளைகள் பிறகு வாசிப்பிலும் திணறினார்கள். ஆனாலும் ஒன்று: வாசிப்புச் சிரமத்துக்குப் பெரும்பாலும் முதல் காரணம் ஒலிகளைப் பிரித்துணர்வதில் உள்ள குறைதான், பார்வைக் கவனத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். குறைவாகப் படிப்பதால்தான் கவனம் பயிற்சி பெறவில்லை என்று சொல்பவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு.

நடைமுறைக்கு வருவோம். முதலில் கண் பரிசோதனை, அப்புறம் ஒலிப் பயிற்சி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. வகுப்பில் உடனே செய்யக்கூடியது எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுவது. 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் 74 பேரிடம் செய்து பார்த்தார்கள், எல்லோரும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள். எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை, இடைவெளியை மட்டும் கூட்டினார்கள், பிழை குறைந்தது, வேகமும் கூடியது. அதற்காக அளவு மீறி விட்டுவிடாதீர்கள். இரண்டு எழுத்து அகலத்துக்கு மேல் இடைவெளி போனால் சொல் சொல்லாகவே தெரியாது, நன்றாகப் படிப்பவனும் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவான். வரியைச் சின்னதாக வையுங்கள். கீழே ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு படிக்கட்டும். விரல் வைத்துப் படிப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள், விரல் போகும் இடத்துக்குக் கவனமும் போகும். வண்ணக் கண்ணாடி போட்டால் வாசிப்பு சரியாகும் என்று விற்க யாராவது வந்தால் காசை மிச்சப்படுத்துங்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் சங்கங்கள் 2009இலேயே சேர்ந்து சொல்லிவிட்டன. வீடியோ கேம் விளையாடினால் வாசிப்பு வளரும் என்று ஒரு செய்தி பிள்ளைகளிடம் மிகவும் பிரபலம். ஆய்வு இருப்பது உண்மை, 2013, அதுவும் இத்தாலி. ஆனால் கலந்துகொண்டது மிகச் சிறிய குழு, அதை வைத்து எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒரு பக்கம் முழுக்கக் கண் ஓட்டிவிட்டேன், கடைசி வரிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, ஒன்றுமே ஏறவில்லை. கண் படித்ததா இல்லையா?

ஓடியது கண், ஆள் வெளியூர் போய்விட்டார். 2010இல் எரிக் ரைக்கிலும் கூட்டாளிகளும், ஆட்களை நாவல் படிக்கவிட்டுக் கண் அசைவைப் பதிவு செய்துகொண்டே, மனம் அலைந்த நேரங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நினைவோடு படிக்கும்போது அபூர்வச் சொல்லில் கண் அதிக நேரம் நிற்கும், பழகிய சொல்லில் குறைவாக நிற்கும். மனம் அலையும்போது அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. கண் வரி வரியாகத் தாவும், திரும்பும், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்யும். சொல்லுக்கு ஏற்ப வேகத்தை மாற்றுவதை மட்டும் விட்டுவிடும். எல்லோருக்கும் நடப்பதுதான், உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பக்கத்தை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை, கடைசியாக நினைவிருக்கும் வாக்கியத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நிமிடத்துக்கு 1000 சொல் படிக்கலாம் என்று ஒரு செயலி விளம்பரம். சொற்களை ஒவ்வொன்றாக ஒரே இடத்தில் காட்டுமாம், கண் அசையவே வேண்டாமாம். வாங்கலாமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சொல்தான். கண் அசைவை மிச்சம் பிடித்தால் நாலு மடங்கு வேகம் வந்துவிடும் என்பது கணக்குத் தெரியாதவர் சொல்வது. தாவுவதற்கு ஆகும் நேரம் ஒரு தாவலுக்கு 20 முதல் 40 மில்லி வினாடி, அது தடையே இல்லை. தடை, சொல்லைப் புரிந்து வாக்கியத்தில் பொருத்துவதில். அதோடு, தேர்ந்த வாசகர்களின் தாவல்களில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியே போகிறது. ரெய்னர் குழு 2014இல், படித்துத் தாண்டிய சொல்லை மறைத்துவிட்டுப் பார்த்தார்கள், புரிதல் குறைந்தது. திரும்பிப் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் வாசிப்பின் வேலைதான். செயலி அதைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. தினசரித் தலைப்புச் செய்திகளை மேலோட்டமாகப் பார்க்க வேண்டுமானால் சரி, அதற்கும் காசு கொடுத்து எதற்கு?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம், மூளையின் வலப்பக்கத்தில். பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் செய்தித்தாளைக் கொடுத்தால் வரியின் நடுவிலிருந்து படிக்கிறார், 'அர்த்தமே இல்லாமல் எழுதியிருக்கிறான்' என்று பத்திரிகைக்காரனைத் திட்டுகிறார். தட்டில் இடப்பக்கம் இருப்பதையும் சாப்பிடுவதில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்கிறார் கண் மருத்துவர். எங்களை ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றவில்லை, பாவம். அவருடைய மூளைக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கலாம். வலப்பக்கப் பெரைட்டல் பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிக்கடி வருவது இது. கண் பார்க்கிறது, கவனம் அந்தப் பக்கம் போவதில்லை. பார்வையில் பாதி போனவர்கள் 'இடப்பக்கம் தெரியவில்லை' என்று உணர்ந்து தலையைத் திருப்பிக்கொள்வார்கள். இவர்களுக்கோ குறை இருப்பதே தெரியாது, அதனால்தான் பழி பத்திரிகைமேல் விழுகிறது. சிலர் சொல்லின் முன்பாதியைக்கூட விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் படிப்பார்கள், அல்லது முன்பாதியைத் தாமாகவே இட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

இது கண்ணின் குறை இல்லை என்பதற்கு 1978இல் மிலான் நகரத்தில் கிடைத்த சான்று மறக்க முடியாதது. எடோவார்டோ பிசியாக் என்ற நரம்பியலாளர், இப்படிப்பட்ட நோயாளிகளிடம், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நகரச் சதுக்கத்தை மனதில் நினைத்துச் சொல்லச் சொன்னார். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தால் வலப்பக்கக் கட்டடங்களைத்தான் சொன்னார்கள். 'இப்போது தேவாலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பாருங்கள்' என்றதும், முன்பு விட்ட கட்டடங்கள் எல்லாம் வந்துவிட்டன, முன்பு சொன்னவை போய்விட்டன. நினைவிலும் இடப்பக்கத்துக்குக் கவனம் போகவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: பக்கத்தின் இட ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தடிமனாகச் சிவப்புக் கோடு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே படிக்கத் தொடங்க வேண்டும் என்று பழக்குங்கள். மறுவாழ்வுச் சிகிச்சையில் ரொம்ப நாளாகவே கையாளும் முறை இது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் 'கோடு' என்று சொல்ல வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே கணிசமாகக் குறையும். நரம்பியல் மருத்துவரிடம் 'இடப்பக்கத்தைக் கவனிப்பதில்லை' என்று இதே சொற்களில் சொல்லுங்கள், தட்டு விஷயத்தையும் சேர்த்து. தெருவைக் கடக்கத் தனியாக விடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. 1892இல் ஜூல் தெஜெரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த நோயாளிக்குப் பாதிப்பு இடப்பக்க மூளையின் பின்பகுதியில். அவர் நன்றாக எழுதுவார், தான் எழுதியதையே படிக்க முடியாது. விரலால் எழுத்தின் மேல் கோடு இழுத்துப் பார்த்தால் என்ன எழுத்து என்று வந்துவிடும். அங்கே எழுத்தை அடையாளம் காணும் பகுதிக்குச் செய்தி போகவில்லை, உங்கள் அப்பாவுக்கு அங்கே எந்தப் பழுதும் இருப்பதாகத் தெரியவில்லை. இட ஓரத்திலிருந்து அவரைத் தொடங்க வைத்துவிட்டால் போதும், மீதியை அவரே படித்துவிடுவார்.

கேள்வி: அடுத்தவர் எழுதியதில் பிழை பளிச்சென்று தெரிகிறது. நானே எழுதியது அச்சாகி வந்த பிறகுதான் தெரிகிறது. ஏன்?

என்ன வரப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். எதிர்பார்த்த சொல்லில் கண் குறைந்த நேரமே நிற்கும், சின்னச் சொல்லாக இருந்தால் நிற்காமலே போய்விடும். ஆங்கிலப் பத்தி ஒன்றில் ஒரு குறிப்பிட்ட எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொன்னால், 'ஆஃப்', 'தி' மாதிரி அடிக்கடி வரும் சின்னச் சொற்களில் இருப்பதை ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். நம்மில் 'ஒரு', 'என்று', 'அந்த' எல்லாம் அந்த ரகம். வரி முடிவில் ஒரு 'அந்த', அடுத்த வரித் தொடக்கத்தில் இன்னொரு 'அந்த' என்றால் பிடிப்பது கஷ்டம். எழுத்துருவை மாற்றி, அளவைக் கூட்டி, ஒரு நாள் கழித்து, வாய்விட்டுப் படியுங்கள். தலைப்பைக் கடைசியில் தனியாகப் பாருங்கள், அவ்வளவு பெரிய எழுத்தில் இருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை.